ஒரு கடைவாய்ப் பல்லின் வரவு செலவு

336 ரூபாய். 2025–26 நிதியாண்டுக்குத் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கென அறிவிக்கப்பட்ட ஒரு நாள் கூலி அது. தேனி மாவட்டத்து ராசிங்காபுரத்திலிருந்து விடியும் முன்னே ஜீப் ஏறி, போடிமெட்டுக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிறவர்களுக்கு எஸ்டேட்டில் இதைவிடக் கூடவே கிடைக்கும். இருந்தாலும் இந்தக் கட்டுரை முழுவதற்கும் எடைக்கல்லாக நான் வைத்துக்கொள்வது 336-ஐத்தான். இந்தக் கூலியில் கட்டுப்படியாகிற வைத்தியம், இதற்கு மேல் வாங்குகிற யாருக்கும் கட்டுப்படியாகும்.

தராசின் மறு தட்டில் இருப்பது ஆடத் தொடங்கிவிட்ட ஒரு கடைவாய்ப் பல். கணக்குக்காக ஒருவரை வைத்துக்கொள்வோம். வயது 42. கீழ்த்தாடையில் வலப்பக்கம், முதல் கடைவாய்ப் பல். துலக்கினால் ரத்தம் வருகிறது, அந்தப் பக்கம் மெல்ல முடியவில்லை, ஈறு அவ்வப்போது வீங்கி வடிகிறது. "பல்லு ஆடுது, பிடுங்கிப் போட்டுட்டா நிம்மதி" என்பதுதான் ஊரில் கிடைக்கும் முதல் யோசனை. அந்தப் பல் முளைத்தது ஏறக்குறைய 6 வயதில். 36 ஆண்டுகளாகச் சோற்றையும் கறியையும் அரைத்து வந்த பல் அது. பிடுங்க ஒரு காலைப்பொழுது போதும். காப்பாற்ற என்ன ஆகும், எவ்வளவு ஆகும், எத்தனை நாள் கூலி போகும், அதற்குப் பிறகு எத்தனை ஆண்டு நிற்கும் என்பதை யாரும் அவருக்குக் கணக்குப் போட்டுக் காட்டுவதில்லை. ஆகவே இங்கே அதைப் போட்டுப் பார்க்கிறேன்.

இவர் தனி ஆள் அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். 2002–03இல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் நடத்திய தேசிய வாய்நலக் கணக்கெடுப்பில் 12 வயதுப் பிள்ளைகளில் 57 விழுக்காட்டினருக்கும், 35 முதல் 44 வயதுக்காரர்களில் 89.6 விழுக்காட்டினருக்கும் ஈறு சார்ந்த கோளாறு ஏதோ ஒரு அளவில் இருந்தது. அதில் பெரும்பகுதி லேசானதுதான். உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட அறிக்கை, எலும்பைத் தின்னும் அளவுக்கு முற்றிய ஈறு நோயை மட்டும் தனியே எண்ணியது. 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 19 விழுக்காடு, உலகெங்கும் 100 கோடிப் பேருக்கு மேல் என்று தொகை வந்தது.

முன்பல்லுக்கு வேர் ஒன்று. கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு இரண்டு, மேல் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று. ஈறு விளிம்பிலிருந்து சில மில்லிமீட்டர் கீழே ஒரே தண்டாக இருக்கும் வேர் இரண்டாகக் கவைத்துப் பிரிகிறது. அந்தக் கவைக்கு நடுவே எலும்பு இருக்கும்வரை வம்பில்லை. ஈறு நோய் எலும்பைக் கரைத்துக்கொண்டே வந்து அந்த இடத்தைத் தொட்டுவிட்டால் கதை மாறிவிடுகிறது. 1979இல் பவர் என்பவர் முதல் கடைவாய்ப் பற்களை எடுத்து அந்தக் கவையின் வாசலை அளந்தார். 81 விழுக்காட்டில் வாசல் 1 மில்லிமீட்டருக்கும் குறைவு. 58 விழுக்காட்டில் 0.75 மில்லிமீட்டருக்கும் குறைவு. பல் காரையைச் சுரண்டி எடுக்கும் கைக்கருவியின் அலகு 0.75 முதல் 1.10 மில்லிமீட்டர் அகலம். சுத்தம் செய்யும் கருவி நுழையாத குகைக்குள் கிருமி குடியிருக்கிறது என்பதே இதன் பொருள். கடைவாய்ப் பல் மற்றப் பற்களுக்கு முன்பே விழுவதற்கு ஒரு பெரிய காரணம் இந்த 0.75-இல் அடங்கியிருக்கிறது. வீட்டில் எவ்வளவு நேரம் துலக்கினாலும் அந்த இடத்துக்குத் தூரிகை போகாது. அதனால், நோய் வந்தவரைப் பார்த்து "ஒழுங்காகப் பல் தேய்க்கவில்லை" என்று கடிந்துகொள்வதோடு நிறுத்திக்கொள்வது நியாயமில்லை.

மருத்துவர் இதை அளக்கும் கருவி வளைந்த ஒரு கம்பி. அதில் 3 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு இருக்கும். பக்கவாட்டில் வேர்களுக்கு நடுவே அது எவ்வளவு தூரம் உள்ளே போகிறது என்பதை வைத்து, 1975இல் ஹாம்ப், நீமன், லிண்டே ஆகிய மூவர் வகுத்த படிநிலைகள் இன்றும் புழக்கத்தில் உள்ளன. 3 மில்லிமீட்டருக்குள் நின்றுவிட்டால் முதல் படி. 3-ஐத் தாண்டி, ஆனால் மறுபக்கம் வெளிவராமல் நின்றால் இரண்டாம் படி. கன்னப் பக்கம் நுழைந்து நாக்குப் பக்கம் வெளியே வந்துவிட்டால் மூன்றாம் படி. நம் கணக்கில் இருப்பவருக்கு 4 மில்லிமீட்டர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். இரண்டாம் படி. இந்த ஒரு எண்ணைப் பொறுத்துத்தான் மற்ற எல்லாச் செலவும்.

அறுவைக்கு முன்னால் கட்டாயம் ஒரு படி உண்டு. மக்கள் 'பல் கிளீனிங்' என்று சொல்வதை ஈறுக்குக் கீழேயும் ஆழமாகச் செய்வது. கிளீனிங் செய்தால் பல் ஆடும் என்ற பயம் நம் பக்கத்தில் வேரோடியிருக்கிறது. ஏற்கெனவே எலும்பு இறங்கிப்போன பல்லைச் சுற்றிக் காரை கட்டி இறுக்கிப் பிடித்திருக்கும். காரையை எடுத்ததும் உள்ளபடி இருந்த ஆட்டம் தெரிகிறது, அவ்வளவுதான். அந்தப் பயத்தால் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் எலும்பில்தான் கழிகிறது. ஈறுக்கும் பல்லுக்கும் இடையே உள்ள பள்ளம் நல்ல வாயில் 1 முதல் 3 மில்லிமீட்டர். லிண்டேயும் சக ஆய்வாளர்களும் 1982இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். பள்ளம் 2.9 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தால்தான் ஆழச் சுத்தம் பலன் தரும், 4.2-க்கு மேல் இருந்தால்தான் ஈறைத் திறந்து செய்யும் அறுவை பலன் தரும். அதற்குக் கீழே கத்தி வைத்தால் இருக்கிற பிடிப்பும் போகும். ஐரோப்பிய ஈறுநோய் மருத்துவக் கூட்டமைப்பு 2020இல் தந்த வழிகாட்டி இன்னும் நிதானமானது. ஆழச் சுத்தம் செய்து சில வாரம் ஆறவிட்டு மறுபடி அளந்த பிறகும் 6 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ பள்ளம் மிஞ்சினால் அறுவையைப் பற்றிப் பேசலாம் என்கிறது. ஆகவே முதல் நாளே "ஆபரேஷன் செய்துவிடலாம்" என்று யார் சொன்னாலும், மறு அளவு எப்போது என்று கேட்பது நோயாளியின் உரிமை.

அதே வழிகாட்டியில் இரண்டு தீர்மானங்கள் ராசிங்காபுரத்துக்காகவே எழுதியதுபோல் இருக்கின்றன. வேர்க்கவையில் நோய் இறங்கிவிட்டது என்பது மட்டுமே பல்லைப் பிடுங்கக் காரணமாகாது என்பது ஒன்று. கீழ்க் கடைவாய்ப் பல்லில் இரண்டாம் படியாக நின்றுவிட்ட கவைக்கு, இழந்ததை மீட்டு வளர்க்கும் அறுவையைப் பரிந்துரைக்கிறோம் என்பது மற்றது.

இழந்ததை வளர்ப்பதில் என்ன சிக்கல்? வேகம்தான். ஈறைத் திறந்து, வேரைச் சுத்தம் செய்து, அப்படியே தைத்து மூடினால் ஈறின் மேல்தோல் நாளொன்றுக்கு அரை மில்லிமீட்டர் முதல் ஒரு மில்லிமீட்டர் வரை வேரை ஒட்டியே கீழே இறங்குகிறது. 5 மில்லிமீட்டர் பள்ளத்தை அது பத்து நாளுக்குள் மூடிவிடும். எலும்பையும், பல்லை எலும்போடு கட்டிவைக்கும் 0.2 மில்லிமீட்டர் தடிமனுள்ள நார்ப் படலத்தையும் உருவாக்கும் அணுக்கள் அவ்வளவு வேகமாக வருவதில்லை. வாரக்கணக்கில் நேரம் கேட்கின்றன. தோல் முந்திவிட்டால் புண் ஆறிவிடும், ஆனால் எலும்பும் நாரும் திரும்பாது. எந்த அணு முதலில் வந்து வேரின்மேல் குடியேறுகிறதோ அதுவே ஆறும் விதத்தை முடிவு செய்கிறது என்று 1976இல் மெல்ச்சர் எழுதினார். 1982இல் ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் நீமனும் லிண்டேயும் கூட்டாளிகளும் ஒரு மனிதரின் கீழ் முன்பல்லில் அதைச் சோதித்தார்கள். ஆய்வகத்தில் வடிகட்டப் பயன்படும் ஒரு மெல்லிய தாளை ஈறுக்கும் வேருக்கும் நடுவே வைத்துத் தைத்தார்கள். தோலுக்கு வழி அடைபட்டது. மூன்று மாதத்துக்குப் பிறகு எடுத்துப் பார்த்தபோது வேரின்மேல் புதிய நார்ப் பிடிப்பு உருவாகியிருந்தது. ஒரே ஒரு பல், ஒரே ஒரு தாள். இந்த வைத்தியத் துறை முழுவதும் அதிலிருந்துதான் கிளைத்தது.

அந்தத் தாளின் இடத்தில் ஆரம்பத்தில் வந்த சவ்வுகள் கரையாதவை. 4 முதல் 6 வாரம் கழித்து மறுபடி ஈறைத் திறந்து எடுக்க வேண்டும். அதாவது இரண்டு அறுவை, இரண்டு முறை மரத்துப்போகும் ஊசி, இரண்டு முறை கூலி இழப்பு. இப்போது கொலாஜன் புரதத்தாலான சவ்வுகள் தாமே கரைந்துவிடுகின்றன. மாட்டுத் தோலும் நாரும் கொலாஜனின் மூலப்பொருள். 1948இல் சென்னை அடையாறில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் தோல் பதனிடுவதோடு நிற்காமல் புண்ணாற்றும் கொலாஜன் படலங்களிலும் நெடுங்காலமாக ஆய்வு செய்து வருகிறது. சவ்வின் கீழே இடத்தைத் தாங்கிப்பிடிக்க எலும்புத்தூள் வேண்டும். மும்பை டாடா நினைவு மருத்துவமனையின் திசு வங்கி 1988 முதல் காமாக் கதிரால் தூய்மை செய்த மனித எலும்பைத் தயாரித்து வருகிறது. தேனியிலிருந்து ஒரு ராத்திரிப் பயணத் தூரத்தில், திருவனந்தபுரத்தில் இருக்கும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் எலும்புத் தாதுவும் உயிர்க்கண்ணாடியும் கலந்த துகள்களை உருவாக்கியது. இவையெல்லாம் நம் நாட்டுச் சரக்கு. இறக்குமதி சவ்வுக்கும் பன்றியின் பல் முளையிலிருந்து எடுக்கும் புரதக் களிம்புக்கும் கொடுக்கும் பணத்தில் பாதிக்கு மேல் மிச்சமாக வாய்ப்பு உண்டு. உள்நாட்டுப் பொருள் இருக்கிறதா என்று கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

எவ்வளவு தூள் வேண்டும்? கவைக்குள் பள்ளம் 4 மில்லிமீட்டர் உள்ளே, 4 மில்லிமீட்டர் உயரம், 3 மில்லிமீட்டர் அகலம் என்று கொண்டால் 48 கன மில்லிமீட்டர். மலையில் ஏலத்துக்கு நடுவே மரத்தில் கொடியேற்றியிருக்கும் மிளகில் 5 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு மணி 65 கன மில்லிமீட்டர் இருக்கும். ஒரு மிளகளவுகூட இல்லாத எலும்பு போனதற்காகத்தான் முழுப் பல்லையும் பிடுங்கிவிடுகிறோம்.

அறுவை நாளில் நடப்பது இது. 1.8 மில்லி கொள்ளும் குப்பியில் வரும் மரத்துப்போகும் மருந்து, ஒன்றோ இரண்டோ. ஈறின் விளிம்பை வெட்டி, ஒரு சிறு கதவைப் போல வெளியே சாய்த்துப் பிடிக்கிறார்கள். ரத்தத்தைத் துடைத்ததும் இரண்டு வேரும் பிரியும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. மேலிருந்து பார்க்கக் கிடைக்காத அந்த இடத்தில் கருத்த காரை ஒட்டியிருக்கும், கவைக்குள் சிவந்த சதை அடைத்துக்கொண்டிருக்கும். அதிர்ந்து சுரண்டும் மெல்லிய முனையை நுழைத்து வேரின் உள்முகம் இரண்டையும் சுத்தம் செய்கிறார்கள். சிகிச்சையில் அதிக நேரம் பிடிப்பதும், அவசரப்பட்டால் எல்லாமே வீணாவதும் இங்கேதான். பிறகு தூளை ரத்தத்தில் நனைத்துத் திணித்து, சவ்வை வெட்டி மேலே போர்த்தி, ஈறை மேலேற்றி இழுத்து நூலால் தைக்கிறார்கள். மொத்தமாக ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம். நோயாளி விழித்தபடியே இருக்கிறார். படுக்கை போட்டுத் தங்க வேண்டியதில்லை.

எலும்புத்தூளே வாங்காத ஒரு வழியும் இருக்கிறது. கூலிக்காரர் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான். 2001இல் பிரான்சில் ஷுக்ருன் என்பவர் சொன்ன முறை. நோயாளியின் கையிலிருந்தே சுமார் 10 மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் தடுக்கும் மருந்து எதுவும் சேர்க்காத குழாயில் விட்டு, உடனே நிமிடத்துக்கு 2,700 சுற்று வேகத்தில் 12 நிமிடம் சுழற்றுகிறார்கள். அடியில் சிவப்பு அணுக்கள், மேலே நீர், நடுவே வெளிர்மஞ்சளில் கொழகொழவென்று ஒரு ஃபைப்ரின் கட்டி. அதில் சிக்கியிருக்கும் தட்டணுக்கள் புண்ணாற்றும் காரணிகளைப் பல நாட்களுக்கு மெல்ல மெல்ல விடுகின்றன. பி.ஆர்.எஃப். என்று சொல்வது இதைத்தான். செலவு ஒரு ஊசி, ஒரு குழாய், கொஞ்சம் மின்சாரம். பெங்களூரு அரசு பல் மருத்துவக் கல்லூரியில் அனுஜ் சர்மாவும் ஏ. ஆர். பிரதீப்பும் 18 பேரின் வாயில், ஒரு பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல்லுக்கு அறுவையோடு இந்தக் கட்டியையும், மறு பக்கத்துக்கு அறுவை மட்டுமும் செய்து 9 மாதம் பின்தொடர்ந்தார்கள். எல்லாமே இரண்டாம் படிக் கவைகள். 2011இல் முடிவு வெளியானது. கட்டி வைத்த பக்கம் பள்ளத்தில் ஏறத்தாழ பாதி எலும்பால் நிரம்பியது, வைக்காத பக்கம் ஆறில் ஒரு பங்குதான். 18 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பது உண்மை. ஆனாலும் நம் நாட்டு அரசுக் கல்லூரியில், நம் போன்றவர்களின் வாயில், இதே பல்லில் செய்து பார்த்த கணக்கு இது. அதற்கு உரிய எடையைக் கொடுக்கத்தான் வேண்டும்.

இனி ரூபாய். கீழே வருபவை எந்த மருத்துவமனையின் விலைப்பட்டியலும் அல்ல. கூட்டிக் கழித்துப் பார்க்க நான் வைத்துக்கொண்ட தொகைகள். உங்கள் மருத்துவர் சொல்லும் தொகையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள், முறை மாறாது. வாய் முழுக்க ஆழச் சுத்தம் 4,000 ரூபாய், அதற்கும் மறு அளவுக்கும் மூன்று நாள் கூலி 1,008. ஆக 5,008. பல்லை வைத்துக்கொண்டாலும் பிடுங்கினாலும் மற்றப் பற்களுக்காக இதைச் செய்தே தீர வேண்டும் என்பதால் இதை எல்லாப் பக்கத்துக்கும் பொதுவாக ஒதுக்கிவிடுகிறேன். மிச்சம் அந்த ஒரு பல்லுக்கானது:

பிடுங்கிவிட்டு அப்படியே விடுவது: 600 + ஒரு நாள் கூலி 336 = 936 ரூபாய். (3 நாள் உழைப்பு)

சொந்த ரத்தக் கட்டி வைத்து அறுவை: 7,000 + ஆறு நாள் கூலி 2,016 = 9,016 ரூபாய். (27 நாள்)

பிடுங்கி, இரு பக்கப் பல்லைச் சீவிப் பாலம் கட்டுவது: 600 + 12,000 + நான்கு நாள் கூலி 1,344 = 13,944 ரூபாய். (41 நாளுக்குச் சற்று மேல்)

எலும்புத்தூளும் சவ்வும் வைத்து அறுவை: 12,000 + 2,016 = 14,016 ரூபாய். (42 நாள்)

பிடுங்கி, இம்பிளாண்ட் வைத்து உறை போடுவது: 600 + 35,000 + ஆறு நாள் கூலி 2,016 = 37,616 ரூபாய். (112 நாள்)

முதல் வரிதான் ஊரின் தேர்வு. அதில் தவறு என்று நான் சொல்லமாட்டேன். மூன்று நாள் உழைப்புக்கும் 42 நாள் உழைப்புக்கும் நடுவே இருப்பது ஒரு பருவத்தின் பள்ளிக் கட்டணம். ஒரு கடைவாய்ப் பல் இல்லாமல் வாழ முடியும். இருபது பற்கள் நல்ல நிலையில் இருந்தால் உணவை ஓரளவு நன்றாகவே மெல்லலாம் என்று நெதர்லாந்தின் கைசர் 1980களிலேயே காட்டினார். ஆனால் பிடுங்கிய இடத்தை நோக்கிப் பின்பல் சாய்கிறது, மேல்பல் கீழே இறங்குகிறது, அங்கெல்லாம் உணவு தங்குகிறது, நோய் ஏற்கெனவே இருக்கும் வாயில் அடுத்த பல்லுக்கு முறை வருகிறது. 936 என்பது ஒரு பல்லுக்கான விலை. இதே முடிவை நான்கு முறை எடுத்தபின் பல்செட்டுக்கு நிற்கும்போது கணக்கு வேறு.

பாலமும் தூள்-சவ்வு அறுவையும் ஏறக்குறைய ஒரே தொகையில் வந்து நிற்கின்றன. அங்கே என் தேர்வு தயக்கமில்லாமல் அறுவைதான். பாலம் கட்ட இரண்டு பக்கத்து நல்ல பற்களின் எனாமலைச் சீவியெறிய வேண்டும். ஈறு நோய் உள்ள வாயில் அந்த இரண்டும் ஏற்கெனவே எலும்பில் கொஞ்சம் இழந்தவை. தம் பாரத்தோடு மூன்றாவதன் பாரத்தையும் அவை சுமக்க வேண்டும். சொந்த ரத்தக் கட்டி முறை கிடைக்குமானால் பாலத்தைவிட 4,928 ரூபாய் மிச்சம், அதாவது 14 நாளுக்கு மேல் கூலி.

இம்பிளாண்ட் வரியைப் பார்ப்போம். 2020இல் இத்தாலியின் கோர்தெல்லினியும் குழுவினரும் பத்தாண்டுக் கணக்கு ஒன்றை வெளியிட்டார்கள். வேர் நுனிவரை பிடிப்பு போன, எவருமே பிடுங்கிவிடச் சொல்லும் பற்கள் கொண்ட 50 பேர். பாதிப் பேருக்கு மீட்பு அறுவை, பாதிப் பேருக்குப் பிடுங்கி இம்பிளாண்டோ பாலமோ. பத்தாண்டு முடிவில் மீட்ட பற்களில் 88 விழுக்காடு வாயில் இருந்தன, மாற்றுப் பற்கள் 100 விழுக்காடு. ஆனால் மொத்தச் செலவு, பின்னால் வந்த கோளாறுகளையும் சேர்த்து, மீட்புப் பக்கத்தில்தான் குறைவு. அங்கேயே அப்படியென்றால் 4 மில்லிமீட்டரில் நிற்கிற நம் பல்லுக்கு வாய்ப்பு இன்னும் நல்லது என்பது என் கருத்து. இம்பிளாண்டுக்கும் ஈறு நோய் வரும், முன்பே ஈறு நோய் வந்த வாயில் கூடுதலாக வரும் என்பதையும் விற்பனைப் பலகைகளில் எழுதுவதில்லை.

நீண்ட காலத்துக்கு என்ன நிற்கும்? 1978இல் ஹெர்ஷ்ஃபெல்டும் வாசர்மனும் எழுதிய கணக்கைவிடப் பொறுமையானது எதுவுமில்லை. ஈறு நோய்க்குச் சிகிச்சை பெற்ற 600 பேர், சராசரி 22 ஆண்டுகள். 300 பேர் ஈறு நோயால் ஒரு பல்லைக்கூட இழக்கவில்லை. 199 பேர் ஒன்று முதல் மூன்று, 76 பேர் நான்கு முதல் ஒன்பது, 25 பேர் பத்தோ அதற்கு மேலோ. தொடக்கத்திலேயே வேர்க்கவையில் நோய் இருந்த பற்கள் 1,464. அவற்றில் விழுந்தவை 460. மற்ற 1,004 பற்கள், அதாவது மூன்றில் இரண்டு பங்குக்கு மேல், நின்றன. எலும்புத்தூளும் சவ்வும் வழக்கத்துக்கு வருமுன்பே, பெரும்பாலும் தொடர்ந்து சுத்தம் செய்துவந்த கைவேலையால் வந்த எண் இது. விழுந்த 460-இல் 240, ஆறில் ஒரு பங்கு நோயாளிகளிடமே விழுந்தன. எல்லாரும் ஒன்றுபோல் இழப்பதில்லை, இழக்கிறவர்கள் சிலரே அடுக்கடுக்காக இழக்கிறார்கள். அந்தச் சிலரில் ஒருவராகாமல் இருக்கச் செய்யக்கூடியது மூன்று மாதத்துக்கு ஒருமுறை போய்க் காட்டிச் சுத்தம் செய்துகொள்வது. ஒரு முறைக்கு 700 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 2,800, எட்டு நாள் கூலியைக் கொஞ்சம் தாண்டும். இந்தக் கணக்கில் எனக்கு மிகவும் கவலை தரும் வரி இதுதான். அறுவைக்கு நகையை வைத்தாவது பணம் புரட்டிவிடுவார்கள். வலி போன பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு டவுனுக்குப் போக மனம் வராது.

நாள் குறிப்பதிலும் மலையின் கணக்கைப் பார்க்க வேண்டும். ஏலக்காய் எடுப்பு ஆகஸ்ட் முதல் பிப்ரவரி வரை சுமார் 40, 45 நாள் இடைவெளியில் சுற்றுச் சுற்றாக நடக்கும். அறுவைக்குப் பிறகு முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம், ஓய்வு வேண்டும். 10 முதல் 14 நாளில் தையல் பிரிப்பு. இரண்டு முதல் நான்கு வாரம் அந்தப் பக்கம் தூரிகை படக்கூடாது, குளோர்ஹெக்சிடின் நீரால் கொப்பளிப்பது மட்டும். ஆறு மாதத்துக்கு அங்கே ஆழம் பார்க்கும் கம்பியைக்கூட யாரும் விடக்கூடாது. மார்ச்சில் செய்துகொண்டால் எடுப்பு சூடுபிடிக்கும் ஆகஸ்டுக்குள் ஐந்து மாதம் கைக்குக் கிடைக்கிறது. காய் விலை ஏறியிருக்கும் ஆண்டில் யாரும் எடுப்புக் காலத்தில் வேலையை விடமாட்டார்கள். 2019 ஆகஸ்டில் இடுக்கி மாவட்டம் புத்தடியில் நடந்த ஏலக்காய் ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனதை இந்தப் பக்கத்தில் எவரும் மறக்கவில்லை. அறுவை செய்யும் மருத்துவர் "எப்போ காய் எடுப்பு முடியுதும்மா?" என்று கேட்டுத் தேதி கொடுத்தால் பாதி வெற்றி அங்கேயே வந்துவிடும்.

வெற்றிலையோடு சேரும் போயிலையையும் பீடியையும் பற்றிப் பேசாமல் கணக்கு முடியாது. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 20 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வடிவில் புகையிலை பயன்படுத்துவதாக 2016–17 கணக்கெடுப்பு சொன்னது. தொனெத்தியும் குழுவினரும் 1995இல் சவ்வு வைத்து அறுவை செய்தவர்களை அளந்தார்கள். புகைக்காதவர்களுக்குச் சராசரியாக 5.2 மில்லிமீட்டர் பிடிப்பு திரும்பியது. புகைத்தவர்களுக்கு 2.1. ஒரே கத்தி, ஒரே சவ்வு, ஒரே செலவு. 14,016 ரூபாயில் பாதிக்கு மேல் புகையாகப் போகிறது. விட முடியாதவர்கள் அறுவையைத் தள்ளிவைத்து ஆழச் சுத்தத்தோடு நிறுத்திக்கொள்வதே நேர்மையான யோசனை.

சர்க்கரை இரண்டாவது. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். ஆய்வில் தமிழ்நாட்டின் சர்க்கரை நோய் அளவு 14.4 விழுக்காடு. கட்டுக்குள் இல்லாத சர்க்கரை ஈறு ஆறுவதைக் கெடுக்கும். மறுபுறம், ஈறு நோய்க்குச் சிகிச்சை செய்தால் மூன்று நான்கு மாதத்தில் HbA1c எனப்படும் மூன்று மாதச் சர்க்கரை அளவு சராசரியாக 0.43 புள்ளி இறங்குகிறது என்று 2022இல் வந்த காக்ரேன் தொகுப்பு காட்டியது. சில மாத்திரைகளைக் கூட்டித் தருவதற்கு ஈடாக நிற்கக்கூடிய எண் அது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. மாத்திரை கொடுக்கும் கை, "பல் விளக்கும்போது ரத்தம் வருதாம்மா?" என்ற ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக் குறித்துக்கொண்டால் அரசுக்கு ஒரு பைசா கூடுதல் செலவில்லை. இதை அந்தத் துறை செய்ய வேண்டும் என்று வலியுறுத்தியே எழுதுகிறேன்.

பணம் போடக்கூடாத இடங்களும் உண்டு. கம்பி மறுபக்கம் வெளியே வந்துவிட்ட மூன்றாம் படிக் கவைக்குத் தூளும் சவ்வும் நம்பகமான பலன் தருவதில்லை. அங்கே வேர்களுக்கு நடுவே சிறு தூரிகை நுழையும் அளவுக்கு வழியைத் திறந்துவிடுவது, அல்லது கெட்ட வேரை மட்டும் வெட்டி எடுப்பது என்று வேறு முறைகள் இருக்கின்றன. மேல் கடைவாய்ப் பல்லில் பக்கத்துப் பல்லை ஒட்டிய பக்கங்களில் இருக்கும் கவைகளும் அப்படித்தான், மீட்பு எதிர்பார்த்தபடி வராது. முதல் படிக்கு அறுவையே வேண்டாம், பொதுக்கணக்கில் ஒதுக்கிய 5,008 ரூபாயோடு முடிந்துவிடும். 15 நாள் கூலிக்கும் 57 நாள் கூலிக்கும் உள்ள வித்தியாசம் கவைக்குள் ஓரிரு மில்லிமீட்டர். பணம் போட வேண்டிய மலிவான இடம் பல் தூரிகை. 2025 செப்டம்பர் 22 முதல் அதற்கும் பற்பசைக்கும் ஜி.எஸ்.டி. 18-இலிருந்து 5 விழுக்காடாக இறங்கியிருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை தூரிகை மாற்றுவது இப்போது முன்னைவிட எளிது.

எங்கே போவது? அருகில் இருப்பது போடி அரசு மருத்துவமனை. க.விலக்கில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ஈறு நோய்க்கென்றே மூன்றாண்டு மேற்படிப்பு படித்தவர்கள் உள்ள பல் மருத்துவக் கல்லூரி வேண்டுமானால் மதுரை. அரசு பல் மருத்துவக் கல்லூரிகள் சென்னை, சிதம்பரம், 2023இல் திறந்த புதுக்கோட்டை என்று இந்த மலையடிவாரத்துக்கு எட்டாத தூரத்தில் இருக்கின்றன. மதுரைக்குப் போக ரயில் இருக்கிறது: 2010 இறுதியோடு நின்றுபோன போடி–மதுரை ரயில் 2023 ஜூன் 15 அன்று அகலப் பாதையில் திரும்பி வந்தது, 90 கிலோமீட்டர். எந்த மருத்துவமனைக்குப் போனாலும் "பிடுங்கிடலாம்" என்ற சொல் வந்ததும் சீட்டில் இரண்டு எண்களை எழுதித் தரச் சொல்லுங்கள்: பள்ளத்தின் ஆழம் எத்தனை மில்லிமீட்டர், வேர்க்கவை எத்தனையாவது படி. கீழ்க் கடைவாய்ப் பல், இரண்டாம் படி என்று எழுதியிருந்தால் அந்தச் சீட்டோடு ஈறு நோய் மருத்துவர் ஒருவரைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள்.